இரண்டு விசிலுக்கு நடுவில்

மாவைச் சலித்தாயிற்று. சலித்த மாவையே திரும்ப ஒருதரம் சலித்தாள் பியூலா. சலிக்கிற வரைக்கும் கலக்க வேண்டியதில்லை, கலக்காத வரைக்கும் வேகவைக்க வேண்டியதில்லை, வேகாத வரைக்கும் அதை எடுத்துக்கொண்டு போய் யாருக்கும் நீட்ட வேண்டியதில்லை. மணி மூன்று பத்து. பக்கத்து அறையில் தனசிங் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறார் என்ன, உட்கார வைக்கப்பட்டிருக்கிறார். முதுகுக்கு இரண்டு தலையணை, வலது கைக்கு அடியில் ஒன்று. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையில் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிய கை அது. ஐந்து மாதமாக வேறு யாருடைய கையோ போல அவர் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறது. ஒருநாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். அதோடு வலது கை, வலது கால், வாயில் பாதி எல்லாம் போயிற்று. போனதில் வெளியே தெரியாதது ஒன்று உண்டு, தொண்டை. விழுங்குவதும் ஒரு வேலை, அதற்கும் நரம்பு வேண்டும் என்று பியூலாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. பச்சைத் தண்ணீர்கூட அவருக்கு ஆகாது, பவுடர் போட்டுக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். சோறு, இட்லி, பழம் எதுவானாலும் மசித்து, தோசை மாவுப் பதத்தில். உதிர்கிற பண்டம், ரொட்டி, பன், பிஸ்கட் கூடவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் அந்த ஸ்பீச் தெரபிப் பெண் காகிதத்தில் எழுதி, 'கூடவே கூடாது' என்பதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். காகிதம் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பியூலா மாவு சலித்தாள்.

நேற்றுச் சாயங்காலம் கேட்டார். இடது கையால் சிலேட்டில் கோணல்மாணலாக எழுதினார், உப்பு கேக். மஃபின் என்ற சொல் அவர் வாய் நன்றாக இருந்த காலத்திலேயே அதற்குள் நுழைந்ததில்லை. மகள் ஷைனி மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்தபோது ஓவன் வாங்கி வைத்து, வீடியோ காட்டிச் சொல்லிக்கொடுத்த பண்டம். வாசல் தொட்டியில் சும்மா வளர்ந்துகிடந்த ரோஸ்மேரியும் தைமும் அன்றைக்குத்தான் சமையலறைக்குள் வந்தன. பூண்டு, பச்சைமிளகாய், சீஸ் எல்லாம் போட்டு, மேலே மொறுமொறுவென்று. "கேக்குல போயி எவளாச்சும் உப்பப் போடுவாளா?" என்று முதல் நாள் சிரித்தவர், மறுநாள் நடக்கப் போகும்போது ஒன்றை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டு போனார். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் பியூலா சமைத்த எதையும் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னது கிடையாது. நன்றாக இல்லாததைத்தான் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்வார், இரண்டு முறை தட்டோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார், சுவரில் குழம்புக் கறை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. அந்த மனுஷர் இன்னொண்ணு குடு என்று கேட்டு வாங்கித் தின்றது இது ஒன்றைத்தான். சிலேட்டைப் பார்த்ததும் அவள், அதெல்லாம் ஆகாதுங்க என்றுதான் வாயெடுத்தாள். அதற்குள் அவர் எச்சில் ஒழுக, முகம் ஒருபக்கமாக இழுக்க, ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளிச் சொன்னார், "க…டி…க்கணும்." ஐந்து மாதமாகக் கூழ். வாயில் பல் அத்தனையும் இருக்கிறது, கடிக்க ஒன்றுமில்லை. "சரிங்க, நாளைக்குச் செஞ்சு தாறேன்" என்றாள். சொன்னது இரக்கத்தில்தானா? அங்கேதான் நேற்றிலிருந்து மனசு மாட்டிக்கொண்டு நிற்கிறது. சர்க்கரை கேட்டால் சர்க்கரை இல்லை, காப்பி கேட்டால் காப்பி இல்லை என்று ஐந்து மாதமாக எல்லாவற்றுக்கும் இல்லை சொல்லிப் பழகிய வாய், இதற்கு மட்டும் எப்படி அத்தனை சீக்கிரம் சரி என்றது? காலையில் சீஸ் வாங்க மார்க்கெட்டுக்கு இறங்கிப் போனபோது நடையில் ஒரு துள்ளல் இருந்ததே, படியிறங்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனாளே, அதற்கு என்ன பெயர்?

ரோஸ்மேரி இலை ஊசி மாதிரி இருக்கும். உருவிப் பலகையில் வைத்து அரிந்தாள். அரிந்ததைக் குவித்து மறுபடி அரிந்தாள். பொடிப்பொடியாக, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. ஒரு இலைகூடத் தொண்டையில் குத்தக்கூடாது பாருங்கள். பியூலாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மனசில் கெட்ட எண்ணம் இருக்கிறவள் இவ்வளவு பொடியாக அரிவாளா? நாலு வெட்டு வெட்டிப் போட்டுவிட்டுப் போகமாட்டாளா? கை நின்றது. நாளைக்கு யாராவது கேட்டால், "பொடியாத்தான் அரிஞ்சேன் மேடம், தூளாத்தான் போட்டேன்" என்று அவள் குரலே அவள் காதில் கேட்டது, கொஞ்சம் அழுகை கலந்து, கேட்கிறவர்கள் மனசு இளகுகிற மாதிரி. அப்படியானால் அரிந்தது அவருக்காகவா, அந்தப் பதிலுக்காகவா? சீ, என்ன புத்தி இது. கத்தியைத் தண்ணீரில் காட்டினாள். கெட்ட எண்ணம் இருக்கிறவர்களுக்குத் தங்களுக்கு அது இருக்கிறது என்று தெரியுமா, தெரியாதா? பாஸ்டரிடம் கேட்கலாம். பாஸ்டரிடம் எப்படிக் கேட்பது. முட்டையை உடைத்து ஊற்றினாள், தயிர், எண்ணெய், பால். பேக்கிங் பவுடர் போட்டோமா? டப்பா திறந்திருந்தது, ஸ்பூன் உள்ளே கிடந்தது, போட்ட ஞாபகம் இல்லை. மாவை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள், லேசான கரகரப்பும் உவர்ப்பும், போட்டிருக்கிறது. போட்டதே ஞாபகம் இல்லாதவள் வேறு எதை எதைச் செய்துவிட்டு ஞாபகம் இல்லாமல் இருக்கிறாளோ. ஆனால் அன்றைக்குச் செய்தது ஞாபகம் இருக்கிறது. ஒரு விநாடி விடாமல் ஞாபகம் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் தனசிங் இருமினார். ஒரு இருமல், காய்ந்த இருமல், அப்புறம் ஒன்றுமில்லை. பியூலா கரண்டியோடு அப்படியே நின்றாள். அவரை நினைத்ததாலா? சின்ன வயசிலிருந்து கேட்டு ஊறிப்போன பேச்சு, புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று. உச்சந்தலையில் இரண்டு தட்டு, "யாரு நெனைக்கிறா?", ஒரு டம்ளர் தண்ணீர். நம்ம ஊரில் இதற்கு மேல் வைத்தியம் கிடையாது, யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டியதில்லை, கை தானாகத் தலைக்குப் போகும். நினைத்தால் புரையேறும் என்பது நிஜமானால் ஊரில் ஒருத்தரும் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது என்று பியூலாவுக்குத் தெரியும், அவள் ஒன்றும் படிக்காதவள் இல்லை, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். ஆனாலும் இந்தப் பதினோரு நாளாக அவர் சாப்பிடும்போது அவரை நினைக்கப் பயமாக இருக்கிறது. ஸ்பூன் வாய்க்குப் போகும்போது வேண்டுமென்றே வேறெதையாவது நினைப்பாள். பக்கத்து வீட்டு நாய், ஷைனியின் சின்ன வயசு யூனிஃபார்ம், ஏழாம் நம்பர் கொண்டை ஊசி வளைவு. வளைவை நினைத்தால் பஸ் வரும், பஸ்ஸை நினைத்தால் ஓட்டுகிறவர் வருவார், உடனே வேறெதற்காவது தாவவேண்டும். மனசைப் பிடித்து இழுத்துக்கொண்டே அலைகிறாள். நினைத்தாலே தொண்டை அடைக்கும் என்றால், அவள் நினைத்தது என்ன சாதாரணமாகவா நினைத்தாள்? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கட்டில் கிறீச்சிட்டது, அவ்வளவுதான். ரொம்பக் கிளறாதீங்கம்மா, ரப்பராப் போயிரும் என்பாள் ஷைனி. பியூலா எண்ணிப் பன்னிரண்டு தரம் மட்டும் கிளறினாள். ரப்பராகப் போனால் தொண்டையில் போய் நிற்கும்.

ஆறு குழித் தட்டில் காகிதக் கப் வைத்து மாவை ஊற்றி, மேலே சீஸ் தூவி, ஓவனுக்குள் தள்ளி மூடினாள். நூற்றெண்பது டிகிரி, இருபத்திரண்டு நிமிடம். குமிழைத் திருகியதும் டிக்டிக் என்று ஓட ஆரம்பித்தது. இனிக் கைக்கு வேலை இல்லை. கைக்கு வேலை இல்லாவிட்டால் பதினோரு நாளுக்கு முந்தின அந்தச் செவ்வாய்க்கிழமை வந்து எதிரே உட்கார்ந்துகொள்ளும், வந்து உட்கார்ந்தது. காலை ஒன்பது மணி. அடுப்பில் குக்கரில் பருப்பு. அவருக்கு இட்லியைச் சாம்பாரில் மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். மசித்ததில் ஒரு துண்டு தப்பியிருக்க வேண்டும். இருமினார், கண் பிதுங்க இருமினார். கை தானாகப் போனது. உச்சந்தலையில் தட்டினாள். "யாருங்க நெனைக்கிறா? ஷைனியாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே பக்கத்திலிருந்த டம்ளர் தண்ணீரை எடுத்து வாயில் ஊற்றினாள். பச்சைத் தண்ணீர். காகிதத்தில் முதல் வரியே அதுதான். ஊற்றின பிறகுதான் இருமல் நின்றது, நின்றது இருமல் மட்டுமில்லை, மூச்சும். அவர் கை நெஞ்சில் அடித்துக்கொண்டது, அந்த இடது கை. போனை எடுத்து நூற்றெட்டுக்கு அடிக்க வேண்டும், போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது, ஓடினாள், எடுத்தாள், திரும்பி அறை வாசலுக்கு வந்தாள். அப்போது குக்கர் ஒரு விசில் அடித்தது. வாசலில் நின்றாள். போன் கையில் இருந்தது, எண்கள் தெரிந்தன, விரல் போகவில்லை. அவர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பயமா என்றால் இல்லை. பதற்றமா என்றால் அதுவும் இல்லை. அவளுக்குள் ஒரே அமைதி, கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு இருக்குமே, அப்படி. இன்னும் கொஞ்சம் நின்றால் போதும் என்று ஒரு குரல், வேறு யாருடைய குரலும் இல்லை, அவளுடையதுதான், கறிகாய்க்காரனிடம் பேசுகிற அதே சாதாரணக் குரல். நின்றாள். குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. அப்புறம்தான் கால் நகர்ந்தது. ஓடிப்போய் அவரைக் குப்புறச் சாய்த்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள், அந்தத் துண்டு வெளியே வந்து விழுந்தது, மூச்சு வந்தது, கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை நிஜம். அதில் சந்தேகமே வேண்டாம். நின்றதும் நிஜம்.

ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கப்புறம் பருப்பு வைக்கும்போதெல்லாம் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறாள். ஒருநாள் நாற்பது விநாடி, ஒருநாள் ஒரு நிமிடத்துக்கு மேல். தண்ணீரைப் பொறுத்தது, தீயைப் பொறுத்தது. அன்றைக்குத் தீ எப்படி இருந்தது என்று மட்டும் ஞாபகம் வரவில்லை. தெரபிப் பெண்ணிடம் தண்ணீர் கொடுத்ததை அன்றைக்கே ஒத்துக்கொண்டாள். "எத்தன தடவ சொல்லியிருக்கேன்மா? தலையில தட்டுறது, தண்ணி குடுக்கிறது எல்லாம் வேண்டாம்னு. அவரக் கொன்னுருப்பீங்க" என்று அந்தப் பெண் மூஞ்சியில் அடித்த மாதிரிச் சொன்னாள். பியூலா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள், இன்னும் இரண்டு வார்த்தை திட்டமாட்டாளா என்றுகூட இருந்தது. அந்தத் தப்பு யாரும் செய்கிற தப்பு. அதை முன்னால் நிறுத்திவிட்டால் பின்னால் நிற்பது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர், "நம்ம பியூலாம்மா குடும்பத்துக்குக் கர்த்தர் செஞ்ச பெரிய காரியத்த அவங்களே சாட்சியாச் சொல்லுவாங்க" என்று மைக்கை நீட்டிவிட்டார். எழுந்து போனாள். சொன்னாள். போன் எடுக்க ஓடினதையும், திரும்பி வந்து முதுகில் அடித்ததையும், மூச்சு வந்ததையும் வரிசையாகச் சொன்னாள், நடுவில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு. எல்லோரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார்கள். முன்வரிசையில் சலோமி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா அவரு அன்னிக்கே போயிருப்பாரு பியூலா" என்றாள். பியூலா சிரித்தாள். ஆமாம் டீச்சர் என்றும் சொல்லித் தொலைத்தாள்.

மணம் வந்துவிட்டது. முதலில் பூண்டு, பிறகு ரோஸ்மேரி, தைல மரத்தடியில் நிற்கிற மாதிரி ஒரு மூக்கடைப்பு தெளிகிற வாசனை, பிறகு சீஸ் கருகத் தொடங்குகிற வாசனை. பக்கத்து அறையிலிருந்து "ம்ம்" என்று ஒரு சத்தம். அவருக்கும் போய்விட்டது. பியூலா ஓவன் முன்னால் குத்துக்காலிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஆறும் எழும்பி வெடித்திருந்தன. ஒருவேளை அவர் தெரிந்துதான் கேட்கிறாரோ? அந்தக் காகிதத்தை அவருக்கும்தானே படித்துக் காட்டினாள் அந்தப் பெண். ரொட்டி கூடாது என்று தெரியாதா? போதும் இந்தக் கூழும் சிலேட்டும் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் உப்பு கேக் எழுதினாரோ? அப்படி இருந்தால், அப்படி மட்டும் இருந்தால், கொடுப்பது பாவமில்லை, கேட்டதைக் கொடுத்தாள், அவ்வளவுதான். நினைக்க நினைக்க உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. லேசாவதைக் கவனித்ததும் தூக்கிவாரிப் போட்டது. ஆண்டவரே, என்னைப் பார்க்காதேயும் என்று வாய்விட்டுச் சொன்னாள். காப்பாற்றும் என்று சொல்ல வந்ததுதான், வந்தது இது. டிங் என்று ஓவன் மணி அடித்தது. ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தாள், ஒட்டாமல் வந்தது. ஒன்றை முழுசாகத் தட்டில் வைத்தாள். இன்னொன்றைப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டு, பவுடர் போட்டுக் கெட்டியாக்கிய பாலை ஊற்றி, கட்டி இல்லாமல், விரலால் தடவித் தடவிப் பார்த்து மசித்தாள். எதைக் கொடுக்கப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

தனசிங்கின் கண் நேரே தட்டுக்குப் போனது. இடது கை நீண்டது. பியூலா தட்டைப் பின்னால் இழுக்கவில்லை, முன்னால் நீட்டவும் இல்லை, அவரே எட்டி எடுத்துக்கொண்டார். மூக்கில் வைத்து முகர்ந்தார், ரொம்ப நேரம். பிறகு நல்ல பக்கத்துப் பல்லால் ஓரத்தை ஒரு கடி கடித்தார். மேல்தோல் உடைகிற சத்தம் அறைக்குள் தெளிவாகக் கேட்டது. மென்றார். கண்ணில் தண்ணீர் கட்டியது. பியூலாவின் கால்கள் தரையில் நட்டு வைத்த மாதிரி நின்றன. "முழுங்கிராதீங்க" என்று சொல்ல வேண்டும், சொல்லவில்லை. அவர் மென்று முடித்தார். இடது கையிலிருந்ததைப் போர்வைமேல் வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கையைத் தன் வாய்க்குக் கீழே விரித்து வைத்து, மென்றது அத்தனையையும் அதில் துப்பினார். ஒரு துணுக்குகூட விடாமல் நாக்கால் தள்ளித் தள்ளித் துப்பினார். அவ்வளவுதான், கடிக்க வேண்டும் என்றார், கடித்துவிட்டார். சாக வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. அதை நினைத்தது அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான்.

எச்சிலும் மாவுமாகக் கையை ஏந்திக்கொண்டு அவள் நின்றாள். அவர் அந்தக் கையை விடவில்லை.

"அன்… னிக்கு" என்றார்.

"என்னிக்குங்க?"

அவர் தாடையை வாசல் பக்கம் ஆட்டினார். "அங்க. நின்ன. போனோட."

பியூலா வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்… தேன்" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்து, "பயந்… துட்டியா?"

அது கேள்வி இல்லை, அவளுக்கு அவரே தேடி எடுத்துக் கொடுக்கிற பதில் என்று பியூலாவுக்குப் புரிந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் முடிந்தது. பயத்தில் கைகால் ஓடாமல் நிற்காதவர்கள் உலகத்தில் உண்டா? சர்ச்சில் சொன்னதைவிட இது சின்னப் பொய். சொன்னால் அவருக்கும் ஆறுதல், அதற்காகத்தான் கேட்கிறார், பதினோரு நாள் யோசித்துவிட்டுக் கேட்கிறார்.

"இல்லீங்க" என்றாள்.

திட்டுவார் என்று நினைத்தாள், பழைய தனசிங்காக இருந்தால் தட்டு சுவருக்குப் போயிருக்கும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தாள். அவள் கையை மட்டும் மெல்ல விட்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெரிந்துகொண்டேதான் இந்தப் பதினோரு நாளும், நாளுக்கு மூன்று வேளை, ஒவ்வொரு ஸ்பூனையும் அவள் கையால் வாங்கி விழுங்கியிருக்கிறார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறார், அடுத்த ஸ்பூனுக்காக என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பியூலா கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், கிண்ணத்தை எடுத்து ஒரு ஸ்பூன் அள்ளினாள். அந்த வீட்டில் அவருக்கு ஊட்ட வேறு ஆள் கிடையாது. தனசிங் தாடையை நெஞ்சோடு தாழ்த்தி, புரையேறாமல் விழுங்க ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடியே, வாயைத் திறந்தார்.